‘விதிவிலக்குகளுடன் ஆதரிக்கிறது’: அரசு கொள்முதலும் ஒரு படிவமும்

பிழைப்புக்காக நான் பல வருடங்களாக எழுதிவரும் ஒரு பிரதியைப் பற்றி இங்கே எழுதலாமென்று தோன்றியது. கவிதையோ கதையோ அல்ல. மூன்று பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை. முதல் பத்தியில் விதி அச்சாகியிருக்கும். இரண்டாவதில் நான் பதில் போட வேண்டும். மூன்றாவதில் அந்தப் பதிலுக்கான விளக்கம். இரண்டாவது பத்தியில் இஷ்டத்துக்கு எதையும் எழுதிவிட முடியாது. ‘ஆதரிக்கிறது’, ‘ஓரளவு ஆதரிக்கிறது’, ‘ஆதரிக்கவில்லை’, ‘பொருந்தாது’ என்று அனுமதிக்கப்பட்ட சொற்கள் உண்டு. ‘ஓரளவு’ என்பது பிற்பாடு வந்த சொல். நான் எழுத ஆரம்பித்த காலத்தில் அந்த இடத்தில் ‘விதிவிலக்குகளுடன் ஆதரிக்கிறது’ என்று இருந்தது. அந்தத் தொடரைத்தான் நான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

படிவத்தின் பெயர் வாலண்டரி ப்ராடக்ட் ஆக்ஸசிபிலிட்டி டெம்ப்ளேட். சுருக்கமாக விபாட். அமெரிக்க அரசு அலுவலகம் ஒன்று மென்பொருள் வாங்குவதற்கு முன்னால், பார்வையற்றவர், காது கேளாதவர், கைகளால் மவுஸ் பிடிக்க முடியாதவர் இவர்களெல்லாம் அந்த மென்பொருளைப் பயன்படுத்த முடியுமா என்று விற்பவனைக் கேட்கிறது. விற்பவன் இந்தப் படிவத்தை நிரப்பித் தருகிறான். நிரப்புகிற வேலை பல சமயம் சென்னைக்கு வந்துவிடுகிறது. வாஷிங்டனில் ஒரு குமாஸ்தா விடுமுறை விண்ணப்பம் போடுவதற்கான மென்பொருள் அவருக்கு எட்டுமா எட்டாதா என்று பழைய மகாபலிபுரம் சாலையில் உட்கார்ந்துகொண்டு நான் சான்று சொல்கிறேன். தகவல் தொழில்நுட்பம் பற்றி நம் சிற்றேடுகளில் வந்த கட்டுரைகள் பெரும்பாலும் ஒன்று புகழ்ச்சி, இல்லாவிட்டால் சாபம். இந்த மாதிரிச் சின்னக் காகிதங்களை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

இந்தக் காகிதத்துக்குப் பின்னால் இருக்கும் சட்டத்தின் கதையைச் சொல்ல வேண்டும். 1973இல் அமெரிக்காவில் மறுவாழ்வுச் சட்டம் நிறைவேறியது. அதன் 504ஆம் பிரிவு, அரசுப் பணம் பெறும் எந்தத் திட்டத்திலும் ஊனத்தைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக்கூடாது என்றது. ஒரே ஒரு வாக்கியம். அதை நடைமுறைப்படுத்தும் விதிகளில் கையெழுத்திடாமல் நான்கு வருடம் இழுத்தடித்தார்கள். 1977 ஏப்ரலில் ஜூடி ஹியூமன் உள்ளிட்ட மாற்றுத்திறனாளிகள் நூறு பேருக்கு மேல் சான் பிரான்சிஸ்கோவின் கூட்டரசுக் கட்டடம் ஒன்றுக்குள் புகுந்து, மூன்று வாரத்துக்கு மேல் வெளியே வரவில்லை. சக்கர நாற்காலிகளோடு, மாத்திரைகளோடு, தரையில் படுத்துக் கிடந்தார்கள். கருஞ்சிறுத்தைகள் கட்சியினர் சாப்பாடு கொண்டுவந்தார்கள். தொலைபேசி துண்டிக்கப்பட்டபோது, காது கேளாதவர்கள் ஜன்னல் வழியே சைகை மொழியில் வெளியே சேதி சொன்னார்கள். மாத முடிவுக்குள் கையெழுத்து விழுந்தது.

அதே சட்டத்தில் 1986இல் சேர்க்கப்பட்டது 508ஆம் பிரிவு. அரசு வாங்கும் மின்னணுக் கருவிகள் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்றது. ஆனால் பல்லில்லை. மீறினால் என்ன என்ற கேள்விக்கு அதில் பதிலே கிடையாது. 1998இல் திருத்தினார்கள். 2000 டிசம்பரில் தரவிதிகள் வெளியாயின, 2001 ஜூன் 21 முதல் அமலுக்கு வந்தன. படிவம் பிறந்ததும் அந்த 2001இல்தான். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் கூட்டமைப்பும் அரசின் பொதுச் சேவை நிர்வாகமும் சேர்ந்து உருவாக்கியது. பிறகு 2017 ஜனவரியில் விதிகளைப் புதுப்பித்து, இணைய அணுகலுக்கான உலகத் தரவிதியின் 2.0 பதிப்பை அப்படியே உள்ளே கொண்டுவந்தார்கள். ஒரு வருடம் கழித்து அது கட்டாயமாயிற்று. அதன்படி நாங்கள் பதில் சொல்ல வேண்டிய அளவுகோல்கள் 38.

இந்தச் சட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. இது விற்பவனிடம் எதுவும் பேசுவதில்லை. ‘நீ இப்படித்தான் மென்பொருள் செய்ய வேண்டும்’ என்று எந்த நிறுவனத்துக்கும் அது கட்டளையிடவில்லை. அரசுத் துறைகளிடம் மட்டுமே பேசுகிறது: எட்டாததை வாங்காதே. வழக்குப் போட்டாலும் துறையின் மீதுதான் போடலாம், விற்றவன் மீது முடியாது. உரிமை என்கிற சொல்லாடல் இங்கே வாடிக்கையாளனின் சொல்லாடலாக உருமாறி நிற்கிறது. நம்மில் பலருக்கு இது கசக்கும். கட்டடத்துக்குள் புகுந்து உட்கார்ந்தவர்களின் போராட்டம் கடைசியில் டெண்டர் ஷரத்தாகவா சுருங்க வேண்டும் என்று எனக்கும் முதலில் கசந்தது. அப்புறம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கதையைப் படித்தேன்.

அதற்கு முன் திரைவாசிப்பான் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பழைய டாஸ் காலத்தில் கணினித் திரை என்பது 25 வரி, வரிக்கு 80 எழுத்து. ‘அ’ என்பது நினைவகத்திலும் ‘அ’தான். அதை எடுத்துக் குரலாக மாற்றும் மென்பொருள் எழுதுவது அவ்வளவு கஷ்டமில்லை. டெட் ஹென்டர் என்ற பார்வையற்ற நிரலாளர் பங்குகொண்ட நிறுவனம் ஒன்று 1989இல் ஜாஸ் என்ற வாசிப்பானைக் கொண்டுவந்தது. பார்வையற்றவர்கள் அரசு அலுவலகங்களில் கணினியில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். பிறகு விண்டோஸ் வந்தது. திரை ஓவியமாகிவிட்டது. ‘சேமி’ என்ற பொத்தான் இப்போது சாம்பல் நிறப் புள்ளிகளின் தொகுப்பு. கண்ணுள்ளவனுக்கு அது பொத்தான். வாசிப்பானுக்கு அங்கே எழுத்தே கிடையாது. கண்ணுள்ளவர்களுக்குக் கணினியை எளிதாக்கிய அதே மாற்றம், ஏற்கெனவே வேலையில் இருந்த பார்வையற்றவர்களை வேலையிலிருந்து வெளியே தள்ளக்கூடியதாயிற்று. ‘முன்னேற்றம்’ என்ற பெருங்கதையாடலை எங்கே பிளந்து பார்க்கலாம் என்று தேடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

1995இல் விண்டோஸ் 95 வந்தபோது மாசசூசெட்ஸின் பார்வையற்றோர் ஆணையம் முன்னின்று ஒரு காரியம் செய்தது. இது வாசிப்பானோடு பேசாதவரை மாநில அரசு இதை வாங்காது என்ற மிரட்டல். அங்கே அப்போது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்கு எதிராக ஒரு பார்வையற்ற குமாஸ்தா தன் உரிமையைப் பேசியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? ஒரு மாநிலத்தின் கொள்முதல் பேசியபோது கேட்டது. 1997இல் அந்த நிறுவனம் ஆக்டிவ் ஆக்ஸசிபிலிட்டி என்ற ஏற்பாட்டை வெளியிட்டது. திரையில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல அது வழிசெய்தது: உன் பெயர் என்ன, நீ என்ன வகை, இப்போது என்ன நிலையில் இருக்கிறாய். ‘சேமி, பொத்தான், இயங்காது.’ இவ்வளவுதான். இன்றைக்கு எல்லாத் திரைவாசிப்பான்களும் இந்த அடிப்படையில்தான் நிற்கின்றன. நிரலாளன் அந்தப் பெயரை எழுதாமல் விட்டுவிட்டால் வாசிப்பான் ‘பொத்தான்’ என்று மட்டும் சொல்லும். வரிசையாக ஏழு பொத்தான் இருந்தால் ‘பொத்தான் பொத்தான்’ என்று ஏழு தடவை. எங்கள் அலுவலகத்தில் இதை நான் தினம் கேட்கிறேன்.

சரி, இனிப் படிவத்துக்கு வருவோம். மேலே சொன்ன கதையில் வாங்குபவன் தானே சோதித்துப் பார்த்தான். ஆயிரக்கணக்கான மென்பொருள் வாங்கும் ஓர் அரசு ஒவ்வொன்றையும் சோதிக்குமா? அதனால் விற்பவனையே கேட்கிறது. பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், ‘வாலண்டரி’. தன் விருப்பத்தின் பேரில். சட்டம் இந்தப் படிவத்தைக் கேட்கவில்லை, வழக்கம்தான் கேட்கிறது. திருமணத் தரகர் மாப்பிள்ளையிடமே நடத்தைச் சான்றிதழ் எழுதி வாங்குவது போல. ஆசிரியன் இறந்துவிட்டான் என்று நாம் இங்கே முப்பது நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இந்தப் பிரதியில் ஆசிரியன் திடகாத்திரமாக இருக்கிறான். வாசகன்தான் பல நேரம் இல்லாமல் போய்விடுகிறான். கோப்பில் சேர்ந்ததும் இதன் வேலை முடிந்தது. ‘விபாட் இருக்கிறதா?’ ‘இருக்கிறது.’ அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யார் கேட்டார்கள்?

2009 வாக்கில் நடந்தது. பணியாளர் விடுமுறை, சம்பளப் பட்டியல் இவற்றுக்கான ஒரு மென்பொருள். அமெரிக்கக் கூட்டரசுத் துறை ஒன்றுக்கு விற்கப் போகிறார்கள். எங்கள் குழுவில் மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த பார்வையற்ற இளைஞர் ஒருவர் சோதனையாளராக இருந்தார். ஜாஸ் வைத்து ஒவ்வொரு திரையாகப் போய்ப் பார்ப்பார். இரண்டு வாரம் பார்த்தார். நூற்றுக்கு மேற்பட்ட திரைகளில் பெரும்பாலானவை தேறிவிட்டன. விடுமுறை விண்ணப்பத் திரையில் தேதியைத் தேர்ந்தெடுக்க ஒரு குட்டி நாள்காட்டி. மவுஸால் சொடுக்கினால்தான் திறக்கும். விசைப்பலகையால் அதைத் தொடவே முடியாது. தேதியைத் தட்டச்சு செய்யவும் இடமில்லை. விசைப்பலகையால் எல்லா வேலையும் செய்ய முடிய வேண்டும் என்பது மென்பொருளுக்கான அன்றைய விதிகளில் முதலாவது.

மேலாளர் கேட்டார். சொன்னேன்.

“நூறு ஸ்கிரீன்ல ஒண்ணுதானே? சப்போர்ட்ஸ் வித் எக்ஸப்ஷன்ஸ்னு போட்டு அனுப்பிருங்க சார்.”

போட்டேன். மூன்றாவது பத்தியில் எழுதினேன்: ‘பெரும்பாலான செயல்பாடுகளை விசைப்பலகை வழியே இயக்கலாம், சில தேதித் தெரிவுக் கூறுகள் விதிவிலக்கு.’ எனக்கே பெருமையாக இருந்தது, ஒரு பொய்கூட இல்லை என்று. நண்பர் அதைத் தன் வாசிப்பானில் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அண்ணே, லீவு கேக்குற சாஃப்ட்வேர்ல தேதி போட முடியலன்னா மிச்ச நூறு ஸ்கிரீன் எதுக்குண்ணே? லீவு எப்பன்னு சொல்லாம லீவு கேக்கவா?”

நான் பதில் சொல்லவில்லை. வார்த்தையை மாற்றவுமில்லை. அன்றைக்கே அனுப்ப வேண்டியிருந்தது. விதிவிலக்கு என்றால் ஓரத்தில் கிடப்பது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இங்கே விதிவிலக்கு மையத்தில் உட்கார்ந்திருந்தது. திரைகளை எண்ணினால் நூற்றில் ஒன்று. அந்தக் குமாஸ்தாவின் வேலையை வைத்துப் பார்த்தால் முழுசும் அதுதான். எண்ணிக்கை எப்படி ஒரு அதிகாரமாகச் செயல்படுகிறது என்று ஃபூக்கோவை வைத்துப் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். என் கையாலேயே அது நடந்தபோது தெரியவில்லை.

இந்த முறை அங்கே ஒரு வாசகர் இருந்தார். மூன்று வாரம் கழித்து வாங்கும் துறையிலிருந்து ஒற்றை வரிக் கேள்வி வந்தது: ‘சில தேதித் தெரிவுக் கூறுகள்’ என்றால் எவை, அவை இல்லாமல் விடுமுறை விண்ணப்பத்தை எப்படி முடிப்பது, செய்து காட்ட முடியுமா? கேட்டவரும் திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவர் என்று பிற்பாடு தெரிந்தது. அலுவலகமே அல்லோலகல்லோலப்பட்டது. நாள்காட்டிக்குப் பக்கத்தில் தேதியை அடிக்க ஒரு பெட்டி வைத்தார்கள். நிரலாளருக்கு இரண்டு நாள்கூட ஆகவில்லை. அத்தனை காலமும் அந்த இரண்டு நாளை யாரும் செலவழிக்காமல் இருந்ததற்கு வேறு எந்தக் காரணமும் இல்லை, கேட்க ஆளில்லை என்பதைத் தவிர. அதற்கப்புறம் நான் எழுதிய எத்தனையோ படிவங்களுக்கு ஒரு கேள்வியும் வந்ததில்லை. அவற்றில் இருந்த ‘சில கூறுகள்’ என்ன ஆயின என்று எனக்குத் தெரியாது.

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். நாங்கள் நிரப்பி அனுப்பிய படிவங்களில் சிலவற்றை மேலிடத்தில் அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து கோப்பில் வைத்துவிட்டார்கள். ஸ்கேன் செய்தால் அது வெறும் படம். திரைவாசிப்பான் அதில் ஓரெழுத்தும் படிக்காது. பார்வையற்றவருக்கு எட்டும் என்று சான்றளிக்கும் காகிதம் பார்வையற்றவருக்கு எட்டவில்லை.

சட்டத்துக்குள்ளும் கதவுகள் இருக்கின்றன. தேசப் பாதுகாப்பு அமைப்புகளுக்கு விலக்கு. தாங்க முடியாத சுமை என்று துறை எழுத்தில் காட்டினால் விலக்கு. இவற்றைவிட அதிகம் புழங்கும் கதவு வேறொன்று. முழுக்கப் பொருந்தும் பொருள் சந்தையில் இல்லையென்றால், இருப்பதில் எது அதிகம் பொருந்துகிறதோ அதை வாங்கலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அரசு மென்பொருளே வாங்காமல் இருக்க முடியுமா என்ன? ஆனால் எல்லோரும் மோசமாகச் செய்தால் மோசத்தில் முதலாவதாக வருபவனுக்கு ஆர்டர் கிடைக்கும். அவன் அடுத்த பதிப்பில் திருத்த வேண்டிய அவசியம் என்ன? வாங்கும்போதே ‘இத்தனை மாதத்துக்குள் இதைத் திருத்து, இல்லாவிட்டால் பணத்தைப் பிடிப்பேன்’ என்று ஒப்பந்தத்தில் எழுதினால் உண்டு. எழுதுகிற துறைகளும் இருக்கின்றன. என் அனுபவத்தில் அவை சொற்பம்.

மேற்பார்வையின் லட்சணத்தையும் பார்க்கலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நீதித் துறை இதுபற்றி அதிபருக்கும் காங்கிரசுக்கும் அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். 2012இல் ஒன்று வந்தது. அடுத்தது 2023 பிப்ரவரியில். இடையில் பத்து வருடத்துக்கு மேல். செனட்டர்கள் சிலர் கடிதம் எழுதிக் கேட்ட பிறகுதான் வந்தது. அதே 2023இல் எல்லாத் துறைகளையும் கணக்கெடுத்தபோது பொருந்துகையின் சராசரி 5க்கு 2ஐக்கூடத் தொடவில்லை. சட்டம் அமலுக்கு வந்து 22 வருடம் கழித்து!

அப்படியானால் கொள்முதல் வழி தோற்றுவிட்டதா என்றால், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மாசசூசெட்ஸுக்கு இன்னொரு தடவை போக வேண்டும். இது நம் மாதிரி ஆட்களுக்குச் சங்கடமான கதை. 2005 செப்டம்பரில் அந்த மாநில அரசு ஒரு முடிவெடுத்தது. அரசு ஆவணங்களை இனி ஒரே நிறுவனத்தின் பிடியில் விடக்கூடாது. 2007 ஜனவரி முதல் திறந்த ஆவண வடிவத்தில்தான் சேமிக்க வேண்டும். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார் கொண்டாடினார்கள். நானும் கொண்டாடியிருப்பேன். எதிர்ப்பு வந்த திசை யாரும் எதிர்பாராதது. மாற்றுத்திறனாளி அமைப்புகள் எழுந்து நின்று, இந்த வடிவத்தை ஆதரிக்கும் மென்பொருள்கள் எங்கள் வாசிப்பான்களோடு சரியாகப் பேசவில்லை, நாளைக்கு நாங்கள் எப்படி வேலை செய்வது என்று கேட்டன. பத்து வருடம் முன்பு யாரை மிரட்டிப் பணிய வைத்தார்களோ அந்த மைக்ரோசாஃப்ட் பொருள்களில்தான் இப்போது அவர்களால் வேலை செய்ய முடிந்தது.

உடனே என்ன சொன்னார்கள்? பெருநிறுவனம் இவர்களைப் பின்னாலிருந்து ஆட்டுவிக்கிறது என்று. நிறுவனத்துக்கு இந்தச் சண்டையில் லாபம் இருந்தது உண்மை. அதனால் பார்வையற்றவர் கேட்ட கேள்வி பொய்யாகிவிடுமா? விளிம்பில் இருப்பவன் நம் பக்கம் நின்று பேசும்போது அது அவன் குரல், எதிர்ப்பக்கம் நின்று பேசினால் யாரோ பேசவைத்த குரல். இந்தப் பழக்கம் நம் ஊர் முற்போக்கிலும் ஏராளமாக உண்டு, பெயர் சொல்ல வேண்டாம். விடுதலை என்று நாம் நம்புவதில் அவனுக்கு வாசல் இருக்கிறதா என்று கட்டுவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும்.

கேட்டதன் பலன் இருந்தது. 2006 ஆகஸ்டில் மாநிலம் தன் திட்டத்தை மாற்றி, புழக்கத்திலிருந்த மென்பொருளிலேயே ஒரு செருகுநிரல் வழியாகத் திறந்த வடிவத்தைப் பயன்படுத்தலாம் என்றது. வடிவத்தை உருவாக்கியவர்களும் சும்மா இருக்கவில்லை. 2007இல் தரமாக ஏற்கப்பட்ட அதன் 1.1 பதிப்பின் முக்கியமான திருத்தங்களே அணுகல்தன்மைக்கானவை. அந்த வருடமே மைக்ரோசாஃப்டின் வடிவத்தையும் மாநிலம் ஏற்றுக்கொண்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யார் ஜெயித்தார் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இரண்டு தடவையும் கேள்வி, வாங்குவதற்கு முன்னால், பயன்படுத்தப் போகிறவரிடமிருந்து வந்தது. 2009இல் எங்கள் தேதிப் பெட்டிக்கு நேர்ந்ததும் அதுதான். இந்த வழியில் வேலை நடந்த இடங்களை எண்ணிப் பார்த்தால் எனக்குத் தெரிந்தவரை இந்த மூன்றும் ஒரே மாதிரி இருக்கின்றன. படிவத்தை நிறுத்தும் அதிகாரம் உள்ளவரும் படிவத்தை அனுபவிக்கப் போகிறவரும் ஒரே அறையில் இருந்தார்கள்.

ஐரோப்பாவில் 2014இல் இஎன் 301 549 என்ற தரவிதி வந்தது. அதுவும் பொதுக் கொள்முதலுக்காகவே எழுதப்பட்டது. எங்கள் படிவத்துக்கு இப்போது ஐரோப்பியப் பதிப்பும் உண்டு. இந்தியாவில் 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதற்கப்புறம் ஐஎஸ் 17802 என்ற தரவிதி. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகளை வெறும் பரிந்துரையாக வைத்திருப்பது சட்டத்துக்கே முரண் என்று சொல்லி, கட்டாய விதிகளை வகுக்குமாறு ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. 2025 ஏப்ரலில் வேறொரு வழக்கில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்றது. வங்கிக் கணக்கு தொடங்கக் கண் சிமிட்டச் சொல்லும் செயலிகளால் வெளியே நிறுத்தப்பட்ட, அமிலவீச்சில் முகம் சிதைந்தவர்களும் பார்வையற்றவர்களும் போட்ட வழக்கு அது.

மேலூர் நண்பர் இன்னும் அதே வேலைதான் பார்க்கிறார். இப்போது அவருக்குக் கீழே நான்கு பேர். பகலில் அமெரிக்க அரசுக்குப் போகும் மென்பொருள்களில் பிழை கண்டுபிடிக்கிறார். போன மாதம் ஒருநாள் இரவு போன் பண்ணினார். தங்கச்சிக்கு நம் ஊர் அரசு அலுவலகம் ஒன்றின் இணைய விண்ணப்பம் போட வேண்டும். எல்லாம் நிரப்பிவிட்டார். கடைசியில் கோணல்மாணலாக வரைந்த எழுத்துக்களைப் பார்த்து அடிக்கச் சொல்லும் ஒரு கட்டம். ஒலியாகக் கேட்க வழியில்லை.

“அண்ணே, வீடியோ கால்ல ஸ்கிரீனைக் காட்டுறேன், என்னான்னு படிச்சுச் சொல்லுங்க. தங்கச்சி ஊருக்குப் போயிருக்கு.”

படித்துச் சொன்னேன். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று கேட்டார். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது, முதலிலிருந்து நிரப்பு என்றது. மறுபடி நிரப்பினார். மூன்றாவது தடவை சரியாக விழுந்தது.